காஞ்சிபுரம் என்று பதில் சொன்னவன்

1

போன மார்ச் மாதம் எங்கள் வீட்டில் நான்காவதாக ஒருவர் குடியேறினார். நாங்கள் அவரைப் பார்க்கவில்லை. அவர் பெயருக்கு வந்த கடிதத்தை மட்டும் பார்த்தோம். கதவில் தபால் போடும் பிளவு வழியாக விழுந்த உறையில் எங்கள் முகவரி சரியாக இருந்தது. பெயர் முன்பின் கேள்விப்படாத ஒரு ஸ்வீடன்காரருடையது. மறுவாரம் இன்னொரு கடிதம். அதற்கடுத்த வாரம் பல் மருத்துவரிடமிருந்து நினைவூட்டல். மனிதர் நம் வீட்டில் இருந்துகொண்டே பல்லைக் கவனிக்காமல் விட்டிருக்கிறாரே என்றாள் மனைவி.

நான் இருப்பது வெஸ்டெரோஸ் என்கிற ஏரிக்கரை ஊர். ஸ்டாக்ஹோமிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. இந்த நாட்டில் ஒருவன் இருக்கிறானா இல்லையா என்பதை வரி அலுவலகம் வைத்திருக்கும் மக்கள் பதிவேடுதான் சொல்லும். அதில் பெயர் ஏறி, ஒரு எண் கிடைக்கும்வரை வங்கிக் கணக்கு கிடையாது, வீட்டு ஒப்பந்தம் கிடையாது, ஒழுங்கான மருத்துவரும் கிடையாது. வந்த புதிதில் ஏழு வாரம் நான் அப்படித்தான் இருந்தேன். பனியில் நடந்தேன், சாப்பிட்டேன், சளிகூடப் பிடித்தது. ஆனால் கணக்கில் இல்லை. இப்போது வீட்டில் அதற்கு நேர் எதிராக, இல்லாத ஆள் ஒருவர் இருக்கிறார்.

என் சொந்தக் கதையும் அவ்வளவு சுத்தமில்லை. நம் ஊரில் 'த. செல்வின்' என்று எழுதிக்கொண்டிருந்தவன், பாஸ்போர்ட்டுக்காக அந்தத் 'த'வை விரித்து எழுதினேன். இங்கே குடும்பப் பெயர் என்ன என்று கேட்டு, அதையே எடுத்துக்கொண்டார்கள். கதவில் குடும்பப் பெயரை மட்டும் எழுதுவது இங்கே வழக்கம். ஆகவே எங்கள் கதவில் 'தங்கராஜ்' என்று இருக்கிறது. சாயர்புரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்து, ஓய்வுக்குப் பிறகு ஊரப்பாக்கத்தில் வீடு கட்டி, அங்கேயே காலமான என் அப்பா, விமானத்தில் ஏறியதே இல்லை.

புதுக் குடித்தனக்காரரைப் பற்றிச் சொல்ல அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அவர் இங்கே இல்லை என்பதை ஸ்வீடிஷில் சொல்ல வேண்டும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் பதற்றம் வந்தால் எனக்கு எந்த மொழியும் தமிழைச் சுற்றிக்கொண்டுதான் வருகிறது. நான் சொன்ன வாக்கியத்துக்கு, அவர் உயிரோடு இல்லை என்று பொருள். மறுமுனையில் இருந்த பெண் ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தார். அதைச் சரிசெய்யப் பத்து நிமிடம் ஆனது. கடைசியில் படிவம் ஒன்று அனுப்புவதாகச் சொன்னார். என் வீட்டில் யார் இல்லை என்பதை நான் கையெழுத்துப் போட்டு உறுதி செய்ய வேண்டுமாம்.

அந்தப் படிவத்தோடு உட்கார்ந்திருந்த அன்றுதான் தாம்பரத்திலிருந்து பிரபாகரின் மின்னஞ்சல் வந்தது.

2

பிரபாகர் என் கல்லூரித் தோழன். சேலையூரில் வீடு, பள்ளியில் கணித ஆசிரியர், பழைய மாணவர் சங்கத்தில் கேள்வி கேட்பாரில்லாத நிரந்தரச் செயலாளர். தாம்பரத்தில் நாங்கள் தங்கிப் படித்த விடுதிக்கு எழுபத்தைந்து வயது ஆகிறது. பவள விழா மலர் போடுகிறார்கள். அங்கே தங்கியவர்கள் அத்தனை பேரின் பெயரும் வருடவாரியாக, அறைவாரியாக அதில் வர வேண்டும். பட்டியல் தயாரிக்க ஆள் தேவை. மின்னஞ்சலின் பின்னாலேயே போனும் வந்தது.

"டேய் செல்வின், உங்க ஊர்ல அஞ்சு மணிக்கு மேல ஒருத்தனும் வேலை பாக்க மாட்டானாமே. நீயே பண்ணிடு. ரெஜிஸ்டர் எல்லாம் போட்டோ எடுத்து அனுப்பறேன்."

"இங்க உக்காந்துகிட்டு எப்படிடா?"

"அங்க உக்காந்தாதான் நடக்கும். இங்க இருக்கறவன்கிட்ட குடுத்தா நூற்றாண்டு விழாவுக்குத்தான் வரும்."

விடுதி என்று எழுதுகிறேனே தவிர, நாங்கள் யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஹால் என்போம். விடுதியில் தங்குவார்கள், ஹாலுக்கு உறுப்பினராக இருப்பார்கள் என்பது எங்கள் கர்வம். கல்லில் வெட்டிய நீளமான பெயர் ஒன்று அதற்கு உண்டு. வளாகத்தின் வடக்கு மூலையில் இருந்ததால் எல்லோருக்கும் அது வடக்கு ஹால்.

பதிவேடுகளின் படங்கள் தினமும் வந்தன. வேலை முடிந்து, சாப்பாடு முடிந்து, ஒரு மணி நேரம் அவற்றோடு உட்காருவேன். முதல் பதிவேட்டில் மொத்தமே நாற்பது சொச்சம் பெயர்கள். கட்டடத்தின் நான்கு பகுதிகளில் இரண்டுதான் அப்போது முடிந்திருந்தன. சாப்பாடு கீற்றுக்கொட்டகையில். 'குறிப்பு' என்கிற பத்தியில் அன்றைய வார்டன் எழுதிவைத்தவை சுவாரஸ்யமானவை: 'தாயார் சுகமில்லை', 'மலாயாவுக்குப் போய்விட்டான்', 'அறையில் நாகப்பாம்பு, இரண்டு நாள் வராந்தாவில் படுத்தான்'. வளாகம் அப்போது முழுக்கப் புதர்க்காடு. பதிவேட்டின்படி பாம்புகளுக்கு அங்கே எங்களைவிட நல்ல வருகை.

ஆரம்பித்தவர்கள் ஒரே ஒரு விதியில் பிடிவாதமாக இருந்தார்கள். ஒரே ஊர்க்காரர்கள் இரண்டு பேரை ஒரே அறையில் போடக்கூடாது. சீட்டுக் குலுக்கித்தான் அறை. நாடார் பையனும் முதலியார் பையனும், ஆம்பூர் ராவுத்தரும் நாகர்கோவில் கத்தோலிக்கரும் ஒரே பக்கெட்டில் தண்ணீர் பிடிக்க வேண்டியிருந்தது. சண்டை வராமலில்லை. ஆனால் வந்த சண்டையெல்லாம் பக்கெட்டுக்காகத்தான் வந்தது.

இரண்டு மாதத்தில் எங்கள் வருடத்துப் பதிவேட்டுக்கு வந்து சேர்ந்தேன். அறை முப்பத்தேழு: த. செல்வின், சாயர்புரம். டி. தேவதாஸ், காஞ்சிபுரம். அந்த இரண்டாவது பெயரைத் தட்டச்சு செய்யும்போது கை கொஞ்சம் நின்றது. பிறகு செய்துவிட்டேன். பதிவேட்டில் இருப்பதுதானே பட்டியலில் வர வேண்டும்.

3

தேவதாஸ் எங்களோடு இருந்தது நாற்பது நாள். ரயில்வேயில் வேலை கிடைத்தது. ஒரு தகரப்பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். இடத்தை ரத்து செய்து எழுதிக்கொடுக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. சாகுல் இருந்ததுதான் காரணம்.

சாகுல் ஹமீது என் வகுப்பு. வீடு கீழ்க்கட்டளையில். இரண்டு அறை, ஒன்பது பேர், வாசலை ஒட்டி அவன் அப்பாவின் லேத் பட்டறை. அந்த இரைச்சலில் இரும்பு கடையலாம், பொருளாதாரம் படிக்க முடியாது. ஹாலில் இடம் கேட்டு விண்ணப்பித்தான். வீடு இருபது கிலோமீட்டருக்குள் இருந்தால் இடம் கிடையாது என்பது விதி. கீழ்க்கட்டளை பத்து சொச்சம். ஆகவே கல்லூரி முடிந்ததும் என் அறைக்கு வந்து படிப்பான், பிறகு ரயில் பிடித்துப் பல்லாவரம் போய் பஸ் ஏறுவான். தேவதாஸ் போனபிறகு சில நாள் போகாமலும் இருந்தான்.

அந்தச் சமயத்தில்தான் வார்டன் மாறினார். புதிதாக வந்தவர் வேதியியல் துறை ஐசக் சார். எங்கள் ஹாலின் ரோல் காலைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். மாலை ஏழு மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னால், டைனிங் ஹாலில் எடுப்பார்கள். பெயர் கூப்பிட்டால் 'பிரசன்ட் சார்' என்று சொல்லக்கூடாது. சொந்த ஊரின் பெயரைச் சொல்ல வேண்டும். யார் ஆரம்பித்து வைத்ததோ தெரியாது. ஆம்பூர், உசிலம்பட்டி, மார்த்தாண்டம், கூடலூர் என்று நூற்றிருபது ஊர்கள் வரிசையாக எழும். ஊர் சொல்லும் குரலைக் கேட்டே யாருக்குக் காய்ச்சல் என்று கண்டுபிடித்துவிடலாம்.

ஐசக் சாரின் முதல் நாள். "தேவதாஸ்" என்றார். பதில் இல்லை. "டி. தேவதாஸ், அறை முப்பத்தேழு." என் பக்கத்தில் சாகுல் தட்டோடு நின்றுகொண்டிருந்தான். இடம் காலி என்று தெரிந்தால் நாளைக்கே வேறு எவனோ வருவான், சாகுல் பல்லாவரம் பஸ்ஸுக்குத் திரும்பிப் போவான். இதையெல்லாம் யோசித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். முழங்கை தானாக அவன் விலாவில் இடித்தது.

"காஞ்சிபுரம்!" என்றான் சாகுல்.

ஐசக் சார் கண்ணாடியைத் தூக்கி அவனை நன்றாகப் பார்த்து, தலையசைத்து, டிக் அடித்தார். நூற்றிருபது பேரில் ஒருவன்கூடச் சிரிக்கவில்லை. மூன்று வருடமும் ஒருவன்கூடச் சிரிக்கவில்லை. அதற்காக யாரும் யாரிடமும் சத்தியம் வாங்கவில்லை.

கல்லூரி வகுப்பில் சாகுல், ஹாலுக்குள் வந்தால் தேவதாஸ், சுருக்கமாக தாஸ். ஹால் கட்டணத்தையும் தேவதாஸ் பெயரில் அவனே கட்டினான். திருட்டு என்று சொல்ல முடியாது, நேர்மை என்றும் சொல்ல முடியாது. ஞாயிறு ஜெபக் கூட்டத்தில் அவன் முறை வந்தபோது வேதாகமத்தைத் தடுமாறாமல் வாசித்தான். நாங்கள் வாசித்தால் ஐசக் சார் நாலு இடத்தில் திருத்துவார். அவன் வாசிப்பைக் கேட்டு, காஞ்சிபுரத்துப் பையன் உச்சரிப்பைப் பாருங்கள் என்றார். நோன்பு மாதத்தில் அவனைப் பகலில் டைனிங் ஹாலில் காணமுடியாது. வயிற்றுப் புண் என்று சொல்லிவைத்திருந்தோம். வார்டனின் துணைவியார் அவனுக்கென்று ஒரு குவளை மோர் கொடுத்தனுப்புவார். சூரியன் மறைந்ததும் அந்த மோரில்தான் அவன் நோன்பு திறந்தான்.

4

ஐசக் சாரின் பெருமை, அவருக்கு எல்லோரையும் தெரியும் என்பது. பெயர், ஊர், அப்பா வேலை, எந்தப் பாடத்தில் தட்டுத்தடுமாறுகிறான் என்பதுவரை. பதினான்கு வருடம் வார்டனாக இருந்தார். பின்னாளில் மாம்பலம் ஸ்டேஷனிலோ கோயம்புத்தூர் கல்யாணத்திலோ பழைய பையன் யாராவது எதிரே வந்தால் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவாராம். கல்லூரியில் அவரை விஞ்ஞானியாக யாரும் நினைவு வைத்திருக்கவில்லை. ஒரு பெயரையும் மறக்காத மனிதராக வைத்திருக்கிறார்கள்.

எங்கள் இறுதியாண்டுக் கோடையில் ஹாலின் கிணற்று மோட்டார் நின்றுவிட்டது. மூன்று நாள் தண்ணீர் இல்லை. கல்லூரி மெக்கானிக் வந்து பார்த்து, உள்ளே புஷ் என்கிற உலோக வளையம் தேய்ந்துவிட்டது, அந்த அளவு இப்போது வருவதில்லை, புது மோட்டார்தான் என்று சொல்லிவிட்டார். சாகுல் அவர் போகும்வரை காத்திருந்து, கிணற்றுக்குள் இறங்கி, மோட்டாரைப் பிரித்து, தேய்ந்துபோன துண்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனான். மறுநாள் மத்தியானம் புதுத் துண்டோடு வந்து மாட்டினான். தண்ணீர் வந்தது. எங்கே செய்தாய் என்று யாரும் கேட்கவில்லை. குளிக்கிற அவசரம்.

அந்த வருடம் சிறந்த ஹால் உறுப்பினர் பரிசுக்கு ஓட்டெடுப்பில் அவனுக்கு எதிராக யாரும் நிற்கவில்லை. ஹால் தினத்தன்று, பெற்றோர்களெல்லாம் வந்து உட்கார்ந்திருக்க, ஐசக் சார் அவன் கையில் கோப்பையைக் கொடுத்தார். "தேவதாஸ், காஞ்சிபுரம்" என்று மைக்கில் சொன்னார். டைனிங் ஹால் சுவரில் இருக்கும் மரப்பலகையில் தங்க எழுத்தில் அந்தப் பெயர்தான் இருக்கிறது. சாகுல் கோப்பையோடு கீழே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். ரொம்ப நேரம் பேசவில்லை. கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

5

ஆகஸ்டில் மகளை லுண்ட் பல்கலைக்கழகத்தில் கொண்டுபோய் விட்டோம். ரூத் இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் புரியும், பதில் ஸ்வீடிஷில் வரும். அவளுக்குக் கிடைத்தது ஒரு நீள நடைபாதையில் பன்னிரண்டு அறைகளில் ஒன்று. பொதுச் சமையலறையில் ஆளுக்கொரு அலமாரி, ஒவ்வொன்றுக்கும் பூட்டு. எதிர் அறையில் யார் என்று கேட்டேன்.

"தெரியாது. ஒரு பையன்."

"பேர் கேக்கலையா?"

"எதுக்குப்பா? அவனுக்குத் தொந்தரவா இருக்கும்."

என் ஹால் பட்டியலைப் பற்றி அவளிடம் சொன்னேன். ஆயிரக்கணக்கில் பெயர்களை ஊரோடு வெளியிடுவது தனிநபர் தகவல் சட்டத்துக்கு விரோதமில்லையா என்று உண்மையான கவலையோடு கேட்டாள். அவளை ஒரு முறை கட்டிக்கொண்டு ரயிலேறினோம். பிள்ளைகள் நல்லபடியாக இருக்கிறார்கள், நம்மைவிட்டுத் தள்ளி நல்லபடியாக இருக்கிறார்கள். அது வருத்தம்தான், சுற்றிவளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாகுல் கூப்பிட்டான். கேளம்பாக்கத்தில் குழாய், ஸ்விட்ச், பெயின்ட் எல்லாம் விற்கும் கடை வைத்திருக்கிறான். கல்லாவுக்கு மேலே எங்கள் ஹால் குழுப்படம் மாட்டியிருப்பதாகப் போனவர்கள் சொல்வார்கள்.

"இன்னா மச்சான், சௌக்கியமா கீறியா? லிஸ்ட்டு நீதான் போட்டுகினு கீறியாமே. பிரபா சொன்னான்."

"ஆமாண்டா. நம்ம வருஷம் வரைக்கும் முடிஞ்சுது."

"அதுல நான் கீறேனா?"

எனக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"தேவதாஸ் கீறான்ல?"

"ரெஜிஸ்டர்ல அப்படித்தான்டா இருக்கு, சாகுல்."

"தெரியும் மச்சான். உன்னைக் கொற சொல்லல." கடை ஷட்டரை இறக்கும் சத்தம் கேட்டது. "என் பொண்ணு இந்த வருஷம் அங்கதான் சேர்ந்துகீது. போன வாரம் வடக்கு ஹாலுக்குப் போய்ப் பாத்துட்டு வந்து கேக்குது, அத்தா, போர்டுல உங்க பேரே இல்லியேன்னு. நான் இன்னா சொல்றது? மூணு வருஷம் அந்த ஹால்ல துன்னு, தூங்கி, படிச்சு... நான் பொய் சொல்றேன்னு நெனைச்சுகீது. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். ஒரு வரி. என் பேரு."

போட்டுவிடுகிறேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டு மூன்று வாரம் போடவில்லை. போட்டால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் ஐசக் சாரிடம் சொல்ல வேண்டும். எண்பத்தாறு வயதில், எல்லோரையும் அறிந்தவர் என்று மலரின் அட்டையிலேயே படம் வரப்போகிறவரிடம், தினமும் மாலை ஏழு மணிக்கு நாங்கள் உங்களை ஏமாற்றினோம் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அவர் தோற்றுப்போவார், சொல்லாவிட்டால் சாகுல் தோற்றுப்போவான். வெளிநாட்டில் இருப்பதன் வசதி, இரண்டையும் தள்ளிப்போடலாம் என்பதுதான். நான் அந்த வசதியைத் தாராளமாகப் பயன்படுத்தினேன். கோழைத்தனம் என்பதுதான் அதற்குச் சரியான பெயர்.

முதலில் தேவதாஸைத் தேடிப் பிடித்தேன். அரக்கோணத்தில் இருக்கிறார், ரயில்வேயிலிருந்து ஓய்வுபெறப் போகிறார். "நாப்பது நாள் இருந்த எடத்துக்கு எனக்கு எதுக்கு சார் பேரு? எனக்கு அங்க ஒரு பரிசு வேற குடுத்தாங்களா?" என்று சிரித்தார். அவரிடமிருந்து தடையில்லை.

6

ஐசக் சார் கிழக்குத் தாம்பரத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். காலை பத்து மணிக்குத் தெளிவாக இருப்பார் என்று பிரபாகர் சொல்லியிருந்தான். எனக்கு அப்போது விடிந்திருக்கவில்லை.

"சாயர்புரமா?" என்றார் எடுத்தவுடன். "அப்பா தங்கராஜ் வாத்தியார். உனக்குப் புள்ளியியல்தான் வராது."

"ஆமா சார்." அதற்கு மேலும் தாமதித்தால் சொல்லமாட்டேன் என்று தெரிந்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். முழங்கையையும் சேர்த்துத்தான்.

மின்விசிறியை நிறுத்தும்படி அவர் யாரிடமோ சொன்னது கேட்டது.

"அந்தப் பையன் பேரு என்ன சொன்னே?"

"சாகுல் ஹமீது சார்."

"அப்போ அந்த வயிற்றுப் புண்?"

"நோன்பு சார்."

"என் மனைவி அவனுக்காக ஜெபம் பண்ணுவா. அவ கண்ணை மூடற வரைக்கும் பண்ணினா. காஞ்சிபுரத்துப் பிள்ளைக்கு வயிறு குணமாகணும்னு." குரல் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. "நூத்தி இருபது பேருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. அப்படித்தானே?"

"மன்னிச்சுக்கங்க சார்."

"எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா இடம் குடுத்திருப்பீங்களா சார்?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "குடுத்திருக்கமாட்டேன்" என்றார். பிறகு இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அன்று மாலையே பிரபாகர் கத்தினான். "ஏன்டா உனக்கு இந்த வேலை? சார் காலையில இருந்து சாப்பிடலையாம். பேசாம ரெஜிஸ்டர்ல இருக்கறதப் போட்டுட்டுப் போறதுதானே?" நான் சாகுலின் பெயரைச் சேர்த்துப் பட்டியலை அனுப்பிவிட்டேன். சார் ஒத்துக்கொள்ளாமல் அச்சுக்கு அனுப்பமாட்டேன் என்று அவன் சொல்லிவிட்டான். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது.

ஒன்பது நாள் கழித்து ஐசக் சாரின் மகன் வழியாக ஒரு செய்தி வந்தது. ஹால் தினத்தன்று, வந்திருக்கும் பழையவர்களை வைத்து அவரே ரோல் கால் எடுத்துப் பட்டியலைச் சரிபார்ப்பார். மலர் அதற்குப் பிறகு அச்சானால் போதும். சாகுலைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. நான் டிக்கெட் போட்டேன்.

7

தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கினால் இப்போது எனக்குத் திசை தெரிவதில்லை. மேம்பாலங்கள் எங்கெங்கோ கொண்டுபோய் விடுகின்றன. வளாகத்துக்குள் போனதும்தான் மூச்சு வந்தது. வடக்கு ஹால் அப்படியே இருந்தது. சுவரில் வைஃபை பெட்டிகள், வாசலில் கைவிரல் வைத்து வருகை பதியும் கருவி. இப்போது யாரும் ஊரைச் சொல்வதில்லையாம். விரல் சொல்லிவிடுகிறது.

டைனிங் ஹாலில் காலை பதினொரு மணிக்கு இருநூறு பேர் இருந்திருப்போம். பெரும்பாலும் வழுக்கை. சாகுல் வெள்ளைச் சட்டையில், மகளோடு கடைசி மேசையில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான், எழுந்து வரவில்லை. பயந்திருக்கிறான் என்று தெரிந்தது. ஐசக் சாரை நாற்காலியோடு தூக்கி மேடையில் வைத்தார்கள். கையில் என் பட்டியலின் அச்சுப்பிரதி, ஒரு பேனா.

ஒவ்வொரு வருடமாகக் கூப்பிட்டார். உசிலம்பட்டி! கூடலூர்! மார்த்தாண்டம்! என்று ஐம்பது, அறுபது வயதுக் குரல்கள் எழுந்தன. வராதவர்கள் பெயருக்கு அமைதி. இறந்துபோனவர்கள் பெயர் வந்தால் அறைத்தோழன் யாராவது அவர் ஊரைச் சொன்னார். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அப்படி நடந்தது.

எங்கள் வருடம் வந்தது.

"அறை முப்பத்தேழு. செல்வின்."

"சாயர்புரம்!"

"தேவதாஸ்."

அமைதி. அரக்கோணத்துக்காரர் வரவில்லை. எங்கள் வருடத்து ஆட்கள் தலையைத் தூக்கவே இல்லை. ஐசக் சார் அந்தப் பெயருக்கு எதிரில் எதையோ குறித்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

"சாகுல் ஹமீது."

கடைசி மேசையில் நாற்காலி நகர்ந்தது. சாகுல் எழுந்து நின்றான். வாயைத் திறந்தான்.

"காஞ்சிபுரம்!"

மூன்று வருடம் சிரிக்காமல் வைத்திருந்த சிரிப்பு முழுவதும் அன்று வெளியே வந்தது. பிரபாகர் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தான். சாகுலின் காது சிவந்துவிட்டது. ஐசக் சார் மட்டும் சிரிக்கவில்லை, எல்லோரும் அடங்கும்வரை காத்திருந்தார்.

"உன் ஊரைக் கேட்டேன்."

"கீழ்க்கட்டளை, சார்."

"அப்பா பேரு?"

"அப்துல் காதர் சார். லேத் பட்டறை வெச்சிருந்தாரு. இப்ப இல்ல." சாகுல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "அந்த மோட்டாருக்கு புஷ் கடைஞ்சு குடுத்தது அவர்தான் சார். ராவெல்லாம் முழிச்சு கடைஞ்சாரு. எனக்குப் பரிசுன்னு சொன்னதும் வேலைய நிறுத்திட்டு வரேன்னாரு. சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு வெச்சாரு சார். நான்தான் வேணாம்னுட்டேன்."

"ஏம்ப்பா?"

"மைக்குல வேற பேரு சொல்லுவீங்களே சார்."

அவன் மகள் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். கிட்டத்தட்ட நாற்பது வருடமாக நான் அதைக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐசக் சார் பட்டியலை மடியில் வைத்து, பேனாவைத் திறந்து, நிதானமாக எழுதினார். எழுதி முடித்ததும் அந்தத் தாளைப் பிரபாகரிடம் நீட்டி, இதை மாற்றாமல் போடு என்றார். பிறகு அடுத்த அறையைக் கூப்பிட்டார்.

மலர் போன வாரம் தபாலில் வந்து சேர்ந்தது. எழுபத்தைந்து வருடத்துப் பட்டியலில், அப்பாவின் பெயரோடு சேர்த்து அச்சாகியிருப்பது சாகுலின் பெயர் ஒன்றுதான்.